உபகாரியின் நட்பு

செல்வத்தாலோ குலத்தாலோ ஒருவர் உயர்ந்தும் மற்றவர் தாழ்ந்தும் நிற்கும் இடத்தில் மெய்யான சிநேகம் விளையாது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்படிச் சொன்னால், இலக்கியங்கள் போற்றும் நட்புகளில் பலவற்றைத் தள்ளிவிட நேரும். குற்றம் ஏற்றத்தாழ்வில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? ஒத்தெல்லோவை வஞ்சித்த இயாகோவைக் கொண்டு இதை ஆராய்வதில் பயனில்லை. அவன் நண்பனாக வேஷம் பூண்ட பகைவன். அன்பும் மெய்யாக இருந்து, பிறரைத் தன்வயப்படுத்தும் இச்சையும் அதனோடு கலந்திருக்கும்போதுதான் நமது தீர்ப்பு தடுமாறுகிறது.

அஸ்திர அரங்கேற்றத்தில், குலம் யாதென்ற கிருபரின் கேள்விக்கு விடையின்றித் தலைகுனிந்த கர்ணனை அக்கணமே அங்க நாட்டுக்கு அரசனாக்கிய துரியோதனன், பிரதியாக நட்பை மாத்திரமே கேட்டான். அர்ச்சுனனுக்கு நிகரான வில்லாளி தன் பக்கம் வேண்டுமென்ற கணக்கு அந்தத் தானத்தில் இருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும், தன் மனைவியோடு தனியிடத்தில் விளையாடியிருந்த கர்ணனை அணுவளவும் ஐயுறாதவனாக வில்லிபாரதம் காட்டும் அவனிடம் அன்பே இல்லையென்று சொல்வது அநியாயம். ஆனால் அந்த அன்புக்குக் கொடுத்த விலை பெரிது: துரியோதனனை மகிழ்விப்பதற்காகப் பாண்டவரைக் கடுஞ்சொற்களால் சுட்டதற்கு வருந்துவதாகக் கண்ணனிடம் கர்ணனே ஒப்புக்கொள்கிறான். அப்படி வருந்தியும், தன் பிறப்பை அறிந்தும், தோல்வி வருமென்று உணர்ந்தும், பாண்டவர் பக்கம் வர மறுக்கிறான். கடன் கொடியதுதான், ஆயினும் அதைத் தீர்ப்பதென்ற தீர்மானம் அவனுடையது.

1815-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் போர் இல்லை, சபதம் இல்லை, கெட்ட எண்ணங்கூட இல்லை. பெற்றோர் இன்னாரென்று அறியாத, பள்ளி விடுதியில் வளர்ந்த 17 வயது ஹாரியட் ஸ்மித்தை, ஊரின் முதற்குடும்பத்துப் பெண்ணான எம்மா, உயர்த்திவிடும் நோக்கத்தோடு தோழியாக்கிக்கொள்கிறாள். ராபர்ட் மார்ட்டின் என்னும் நேர்மையான குடியானவன் ஹாரியட்டை மணக்க விரும்பிக் கடிதம் எழுதும்போது, தான் யோசனை சொல்லப்போவதில்லை என்று அறிவித்துவிட்டே, ஐயம் இருந்தால் மறுப்பதுதான் முறை என்று பொதுவிதிபோல் ஒன்றைக் கூறி, மறுப்பு வந்தவுடன் பாராட்டி, அவனை மணந்திருந்தால் தங்கள் நட்பு முறிந்திருக்கும் என்பதையும் பின்னர் தெரிவித்து, பதிற்கடிதத்தின் வாக்கியங்களையும் தானே அமைத்துக் கொடுக்கிறாள். அத்தனையும் தன் சொந்த முடிவென்றே ஹாரியட் நம்புகிறாள்.

இரண்டையும் நிறுத்துப் பார்க்கையில், நோக்கத்தில் தூய எம்மாவின் செயலே ஒரு வகையில் மன்னிக்க அரியதாகத் தோன்றுகிறது. துரியோதனன் நண்பனின் உயிரைக் கேட்டான். கேட்கப்படுகிறோம் என்பது நண்பனுக்குத் தெரியும். எம்மாவோ தோழியின் விவேகத்தையே அவளறியாமல் எடுத்துக்கொண்டாள். எடுத்ததைத் தானும் நெடுநாள் அறிந்தாளில்லை. எல்ட்டன் என்னும் பாதிரியார் ஹாரியட்டை மணப்பார் என்ற வீண் நம்பிக்கையை ஊட்டியதும், அவர் எம்மாவையே விரும்பினார் என்று தெரிந்தபோது அந்தப் பேதைப் பெண் அழுததும் இதன் தொடர்ச்சியே.

எம்மா பின்னர் உள்ளம் நொந்து வருந்துகிறாள் என்பது உண்மை. ஹாரியட்டுக்கு மார்ட்டினே கணவனாக வாய்ப்பதும் உண்மை. ஆனால் அந்த வாய்ப்பு எம்மாவின் பச்சாதாபத்தால் வந்ததன்று. ஒருமுறை மறுக்கப்பட்டும் மனம் மாறாத மார்ட்டின் மீண்டும் கேட்டதனால் வந்தது. அவன் கேளாதிருந்தால் எம்மா எவ்வளவு வருந்தியும் தோழிக்கு அதைத் திருப்பிக் கொடுத்திருக்க இயலாது.