61 நாள் கசிவு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எந்தக் கணக்கானாலும் 61 நாள்.

படகின் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் மீனவர்கள் கரையேறியிருப்பார்கள். தடை முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடலாம். 61 நாள் என்பது 1464 மணி நேரம். 50 மில்லி ஆம்ப் கசிந்துகொண்டே இருந்தால் 73 ஆம்ப்-மணி காலி. 100 ஆம்ப்-மணி பேட்டரியில் முக்கால் பங்கு. மாதா படத்துக்கு முன்னால் எரியும் குட்டி விளக்குக்குத்தான் அந்த 50 மில்லி ஆம்ப் காணும்.

இந்தக் கசிவை அளக்க மல்டிமீட்டர் போதும். ஆனால் வோல்ட் பார்ப்பதுபோல் இரு முனையிலும் தொட்டுவிடக் கூடாது. ஆம்ப் துளையில் செருகிய வயரோடு அப்படித் தொட்டால் அது நேரடி ஷார்ட். மின்சாரம் மீட்டருக்குள்ளே புகுந்து வெளியேற வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சிவப்பு முனையை அந்த வயரிலும் கறுப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். முதலில் 10 ஆம்ப் துளை. அளவு சிறிதென்று உறுதியான பிறகே மில்லி ஆம்ப்.

மில்லி ஆம்ப் துளையில் செருகியிருக்கும்போது யாராவது ஒரு பெரிய விளக்கைப் போட்டால் உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும். அதற்குப் பிறகு மீட்டர் 0.00 என்றே காட்டும். கசிவே இல்லை என்று நாமும் நிம்மதியாகத் திரும்புவோம். மீட்டர் சொல்லும் பொய்களில் மோசமானது இதுதான்.

இன்னொன்று, மீட்டரே ஒரு தடை. நம்மூரில் மலிவாகக் கிடைக்கும் 830 வகை மீட்டரில் 20 மில்லி ஆம்ப் அளவில் 10 ஓம், 200 மைக்ரோ ஆம்ப் அளவில் 1000 ஓம் குறுக்கே நிற்கும். 12 வோல்ட் படகுக்கு அந்த 10 ஓம் பொருட்டில்லை. 1.5 வோல்ட் சுவர்க்கடிகாரத்தை 1000 ஓம் வழியாக ஓட்டிப் பாருங்கள், முள் திணறும். அளக்கப் போன மின்சாரத்தை மீட்டரே குறைத்துவிட்டது.

எனக்குப் பிடித்தது வேறு வழி. கழற்றிய வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதன் இரு பக்கமும் மில்லி வோல்ட் பார்ப்பது. 20 மில்லி வோல்ட் என்றால் 20 மில்லி ஆம்ப். மீட்டரின் ஃபியூஸுக்கும் ஆபத்தில்லை.

இத்தனை செய்தும் மீட்டர் கண்ணில் படாத கசிவு ஒன்று உண்டு. உப்புக்காற்றும் ஆசிட் ஈரமும் சேர்ந்து பேட்டரியின் மூடிமேல் படலமாகப் படியும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதன் வழியே மின்சாரம் போகும். வயரைக் கழற்றினாலும் அது நிற்காது. மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, கறுப்பை நெகட்டிவ் முனையில் பிடித்து, சிவப்பை பிளாஸ்டிக் மூடிமேல் இழுத்துப் பாருங்கள். சில வோல்ட் காட்டினால் படலம் கடத்துகிறது. ஆப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால், மூடித்துளைக்குள் நீர் இறங்காமல் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒற்றி, உலரவிட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தால் எண் விழுந்திருக்கும்.