பந்தயமும் பொறுப்பும்

ஒரு செயலின் நன்மை தீமையை எதனைக் கொண்டு அளவிடுவது? செய்தவன் எண்ணித் துணிந்த முறையைக் கொண்டா, அன்றி அச்செயலால் விளைந்த பயனைக் கொண்டா? அறவியலிற் பழைமை வாய்ந்த இவ்வினாவை ஆராய்வதற்குச் சீட்டாட்ட மேசை தகுந்த இடமன்று எனப் பலர் கருதக்கூடும். திருவள்ளுவர் கள்ளுண்ணலைக் கடிந்ததை அடுத்துச் சூதினைக் கடிந்தமையும் தமிழ் மாணவர் அறிந்ததே. ஆயினும் போக்கர் என்னும் சீட்டாட்டம், சிறப்பாகச் சுற்றுப்போட்டியாக ஆடப்படும் போக்கர், துணிவு, கணிப்பு, ஊழ் ஆகிய மூன்றையும் வேறு பிரித்துக் காட்டும் தன்மையது. அவ்வகையில் அது அறவியலாளனின் கவனத்துக்குரியதாகின்றது.

இவ்வாட்டத்தின் பரவலான வகையில் ஒவ்வொருவருக்கும் இரு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். ஐந்து சீட்டுகள் அனைவர்க்கும் பொதுவாக மேசையில் திறக்கப்படும். வெல்வதற்கு இரு வழிகள் உள. இறுதியிற் சீட்டுகளைக் காட்டும்போது தனது கை உயர்ந்ததாக இருத்தல் ஒன்று. பந்தயத்தை உயர்த்தி, எதிராளிகள் தத்தம் சீட்டுகளைக் கைவிடுமாறு செய்தல் மற்றொன்று. பிறர் வைத்த பந்தயத்துக்கு ஈடு வைத்துக் காத்திருப்பவனுக்கு முதல்வழி மட்டுமே திறந்துள்ளது. தானே முந்திப் பந்தயம் வைப்பவனுக்கு இரண்டும் உண்டு. தாக்குமுறை ஆட்டத்தின் அடிப்படை நியாயம் இதுவே. அது வெறும் முரட்டுத் துணிச்சலன்று. நடுவிலே 100 சில்லுகள் குவிந்திருக்க, வெல்லும் வாய்ப்பே இல்லாத கையுடன் ஒருவன் 50 சில்லுகளைப் பந்தயமாக வைக்கின்றான் எனக் கொள்க. மூன்று தடவைகளில் ஒரு தடவை எதிராளி பின்வாங்கினால் அவனுக்கு நட்டமில்லை. அதனினும் கூடுதலாகப் பின்வாங்கினால் இலாபமே. எனவே அவன் கணிக்க வேண்டியது தன் சீட்டின் வலிமையை மட்டுமன்று, எதிராளியின் அச்சத்தையுமாகும்.

சுற்றுப்போட்டியில் இவ்வச்சம் மேலும் பெருகுகின்றது. சில்லுகள் அனைத்தையும் இழந்தவன் வெளியேற வேண்டும். கட்டாயப் பந்தயங்கள் படிப்படியாக உயர்வதால் வாளாவிருப்பவனும் தேய்ந்து போகின்றான். லாஸ் வேகாஸ் நகரில் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில், 1977 வரை முழுப் பரிசும் வென்றவருக்கே உரியதாயிருந்தது. 1978 முதல் அது முன்னணியில் நின்ற பலருக்கும் பகிரப்பட்டது. பரிசு பகிரப்படும் போட்டியில், புதிதாகப் பெறும் ஒரு சில்லின் பெறுமதியிலும் இழக்கும் ஒரு சில்லின் பெறுமதி அதிகமாகும். இன்னும் ஒருவர் வெளியேறினால் எஞ்சியோர் அனைவர்க்கும் பரிசு என்ற கட்டத்தில், நடுத்தர நிலையிலுள்ளோர் நல்ல சீட்டுகளையும் கைவிடத் தலைப்படுவர். பெருந்தொகைச் சில்லுகளை உடையவன் இதனை அறிவான். அடுத்தடுத்துப் பந்தயத்தை உயர்த்தி, ஏனையோரை அவர்தம் அச்சத்தைக் கொண்டே வெல்கின்றான்.

இத்தகைய ஆட்டம் அறத்துக்கு ஒத்ததா? முதலில் எழும் மறுப்பு, வலிமையற்ற கையுடன் வலியவன் போல் வைக்கும் வெருட்டுப் பந்தயம் பொய்யன்றோ என்பதாகும். மனிதநேயத்தின் பொருட்டும் பொய் கூறலாகாது என 1797இல் வாதிட்டவர் இமானுவேல் கான்ற். ஆயின் வெருட்டுப் பந்தயம் ஒரு கூற்றன்று. தன்னை நம்புமாறு எவரும் எவரையும் அங்கே கேட்பதில்லை. மேலும் யோன் வொன் நொய்மனும் ஒஸ்கார் மோர்கன்ஸ்ரேணும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில், வெருட்டுதல் இவ்வாட்டத்தின் தருக்கத்திலிருந்தே பிறப்பது எனக் காட்டினர். வலிய கை கிடைக்கும்போது மட்டும் பந்தயம் வைப்பவனை எதிராளிகள் விரைவில் அறிந்து விலகிக்கொள்வர்; அவனது நல்ல சீட்டும் பயன் தராது போம். தான் வெருட்டப்படலாம் என்பதை அறிந்தே ஒவ்வொருவனும் அமர்கின்றான். தானும் வெருட்டும் உரிமையைப் பெறுகின்றான். உடன்பாடும் சமநிலையும் உள்ளவிடத்து வஞ்சனைக்கு இடமில்லை.

இரண்டாவது வினா கடினமானது. தாக்குமுறை ஆட்டத்தின் பேராசானாகக் கருதப்பட்ட டொயில் பிறன்சன் 1976ஆம் ஆண்டுப் பிரதான போட்டியின் இறுதிக் கையை, பத்தும் இரண்டும் என்ற வலிமை குன்றிய சீட்டுகளுடன் ஆடினார். நான்காவது பொதுச் சீட்டு திறக்கப்பட்ட பின்னரும் அவர் பின்தங்கியே நின்றார். எஞ்சிய 44 சீட்டுகளுள் நான்கு மட்டுமே அவரைக் காக்க வல்லன. ஐந்தாவதாக அவற்றுள் ஒன்றே வந்தது. அடுத்த ஆண்டும் அதே பத்தும் இரண்டும் அவருக்கு வெற்றி தந்தன. அச்சீட்டிணை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பதினொன்றில் ஒன்றான வாய்ப்புத் தவறியிருந்தால் அக்கையைப் போற்றியிருப்பார் எவர்? முடிவு ஊழின் வசப்பட்டது. துணிவின் தகுதியோ முன்னரே நிர்ணயமாகிவிட்டது. தேர்ந்த ஆட்டக்காரன், நன்கு துணிந்து தோற்ற கைக்கு வருந்தான்; பிழையாகத் துணிந்து வென்ற கைக்கு மகிழான்.

ஆயினும் வாழ்க்கையில் மனிதர் அவ்வாறு தீர்ப்பளிப்பதில்லை. அதே 1976ஆம் ஆண்டில் பேர்னாட் வில்லியம்சும் தோமஸ் நேகலும் அறநெறி சார்ந்த ஊழ் பற்றிய தம் கட்டுரைகளை முன்வைத்தனர். குடும்பத்தைத் துறந்து ஓவியம் தீட்டத் தகித்தி சென்ற கோகின் போன்ற ஒருவனை வில்லியம்ஸ் எடுத்துக்காட்டினார். அவன் தேர்வை நியாயப்படுத்தக்கூடியது அவனது வெற்றி ஒன்றே. அவ்வெற்றியோ தேரும்போது அறியப்படாதது. அவ்வெற்றியும் கைவிடப்பட்டோரிடம் அவனை நியாயப்படுத்தாது போகலாம் என்பதை வில்லியம்சும் உணர்ந்திருந்தார். போக்கர் மேசையருகே இவ்வெடுத்துக்காட்டை வைத்து நோக்கின், அப்பந்தயத்தில் வைக்கப்பட்டது எவருடைய பொருள் என்ற வினா முன்னிற்கின்றது. ஓவியன் தன் வாழ்வை மட்டுமன்றி மனைவி மக்களின் வாழ்வையும் மேசையில் வைத்தான். அவர்கள் அம்மேசையில் அமர உடன்பட்டவரல்லர். வெற்றியிற் பங்கு பெறவும் இல்லை.

வணிகத்துக்கும் போக்கரின் அறமே போதும் என 1968இல் அல்பேர்ட் கார் என்பார் ஹாவார்ட் பிஸ்னஸ் றிவியூ இதழில் வாதிட்டார். அவ்வாதம் தவறும் இடம் இதுவேயாகும். போக்கரில் நுழைபவன் விதிகளை அறிவான். இழக்கக்கூடிய தொகையை நுழைவுக் கட்டணமாக எல்லையிட்டுக் கொள்வான். விரும்பினால் எழுந்து செல்வான். பொருளை வாங்குபவனும் கூலிக்கு உழைப்பவனும் அவ்வாறு எழுந்து செல்லவியலாதவர். வைப்பாளரின் சேமிப்பைக் கொண்டு துணியும் நிதியாளனும், பிறர் பெற்ற பிள்ளைகளின் உயிரைக் கொண்டு எதிரியை வெருட்டும் தலைவனும் போக்கர் ஆடுபவரல்லர். அவர்தம் கணிப்பு நுட்பமானதாக இருக்கலாம். வெற்றி வாய்ப்புப் பதினொன்றிற் பத்தாகவும் இருக்கலாம். எஞ்சிய ஒன்று நேருமிடத்து இழப்பவர் பிறரே.

எனவே துணிவின் தகுதியைப் பயனைக் கொண்டு அளவிடலாகாது என்ற பாடத்தைப் போக்கரிடமிருந்து ஏற்கலாம். ஆனால் அப்பாடம் தன் சில்லுகளைத் தானே வைப்பவனுக்கு உரியது. பிறர் பொருளை வைப்பவன், கணிப்புச் சரியாகவே இருந்தது, ஊழ் கைவிட்டது எனக் கூறித் தப்பவியலாது. கணிப்பைத் தொடங்குமுன்னரே, இழக்கப் போகின்றவர் எவர், அவரிடம் கேட்கப்பட்டதா என்னும் வினாவுக்கு அவன் விடை கூறியிருத்தல் வேண்டும்.