நடுவர் இருக்கையில் ஒரு பிள்ளை

பிள்ளைகளை வாசிக்க வைக்கப் பள்ளிக்கூட நூலகங்கள் பல வழிகளை முயன்றிருக்கின்றன. அவற்றில் ஒன்று, விருதுக்கு முன்மொழியப்பட்ட புத்தகங்களை அவர்கள் முன் பரப்பி, 'இவற்றில் எது சிறந்தது என்று நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்பது. ஒன்ராறியோவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். அங்கே நூலகச் சங்கம் நடத்தும் 'ஃபொரஸ்ட் ஒஃப் ரீடிங்' திட்டத்தில் சில்வர் பேர்ச் விருது 1994 முதல் இருந்து வருகிறது. பத்துக் கனேடியப் புத்தகங்கள் பட்டியலிடப்படும். அவற்றில் ஐந்தையாவது வாசித்த பிள்ளைக்கு ஒரு வாக்கு. அதிக வாக்குப் பெற்ற புத்தகத்துக்கு விருது.

நான் வாழும் மொன்றியலில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. கியூபெக்கில் பதினோராம் வகுப்பு முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் 'செஜெப்' என்ற கல்லூரிக்குப் போவார்கள். அந்தக் கல்லூரி மாணவர்கள் வழங்கும் இலக்கியப் பரிசு ஒன்று 2003இல் தொடங்கப்பட்டது. பிரான்சில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1988 முதல் வழங்கிவரும் கொன்கூர் பரிசுதான் அதற்கு முன்மாதிரி. பெரியவர்கள் கூடி ஐந்து கியூபெக் புனைவுகளைத் தெரிவு செய்வார்கள். மாணவர்கள் அவற்றை வாசித்து, விவாதித்து, வெற்றி பெறும் நூலைத் தீர்மானிப்பார்கள். 1977இன் 101ஆம் சட்டத்தால் இங்குள்ள எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். ஆகவே அந்த விவாத மேசைகளில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம்.

இதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பிள்ளையிடம் நாம் கொடுக்கும் இந்த வாக்கு உண்மையான வாக்கா, அல்லது தூண்டிலில் கோர்த்த புழுவா?

தூண்டில் என்றால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். வரைந்தால் ஒரு சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், பின்னர் தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. பரிசு கிடைக்கும் என்று எதிர்பாராதவர்களுக்கு அப்படி நேரவில்லை. புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம், பத்துப் புத்தகத்துக்கு ஒரு பீட்சா என்று எண்ணிக் கொடுக்கும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அங்கே பிள்ளைக்குக் கூலி கிடைக்கிறது. வாசித்ததைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வாக்கு கூலியல்ல. அது ஒரு பொறுப்பு. ஆனால் பொறுப்பைக் கொடுப்பவருக்கு ஒரு கடமை இருக்கிறது: தீர்ப்பு தனக்குப் பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மனம் இல்லையென்றால் பிள்ளையிடம் கேட்கவே கூடாது. கேட்டுவிட்டு, 'அது குழந்தைத்தனமான தெரிவு' என்று ஒதுக்குவது ஏமாற்று.

இந்த எண்ணத்தை மேற்கிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை. இறையனார் களவியல் உரையின் தொடக்கத்தில் வரும் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இறையனார் செய்த நூலுக்குச் சங்கப் புலவர்கள் நாற்பத்தொன்பது பேரும் உரை செய்கிறார்கள். எவருடையது மெய்யுரை என்பதில் அவர்களுக்குள் உடன்பாடில்லை. நடுவராக ஒருவர் வேண்டும். கிடைத்த நடுவர் உருத்திரசன்மன்: உப்பூரிகுடிகிழாரின் மகன், ஐந்து வயது, வாய் பேசாதவன். ஒவ்வொருவரும் தத்தம் உரையைப் படிக்கிறார்கள். மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் பிள்ளையின் கண்ணில் நீர் வருகிறது. நக்கீரர் படித்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் நீர் வார்ந்து, மெய்ம்மயிர் சிலிர்க்கிறது. தீர்ப்பு முடிந்தது. யாரும் மேன்முறையீடு செய்யவில்லை.

கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் பிள்ளை சாபத்தால் மண்ணில் பிறந்த முருகன் என்று அது சொல்கிறது. ஒரு சாதாரணப் பிள்ளையை நம்பக் கதை சொன்னவருக்கும் துணிவு வரவில்லை போலும். பிள்ளையைக் கடவுளாக்கிய பிறகே நடுவர் இருக்கையில் உட்கார வைக்க முடிந்தது. நாங்களும் இன்றுவரை அந்த இடத்தில்தான் நிற்கிறோம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோம். சரஸ்வதி பூசையன்று அதைப் பீடத்தில் வைக்கிறோம். 'இந்தப் புத்தகம் சரியில்லை' என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை சொன்னால் மட்டும் எங்களுக்குச் சுருக்கென்று குத்துகிறது.

பக்குவம் இல்லாதவர் தீர்ப்பு வெறும் விருப்பு வெறுப்புத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்தில் ஐந்தையாவது வாசித்திருக்க வேண்டும் என்ற விதியில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு புத்தகத்தை மட்டும் வாசித்தவருக்குப் பிடித்தது, பிடிக்காதது உண்டு. ஐந்தை வாசித்தவர் ஒப்பிட்டாக வேண்டும். எதிரே இருப்பவர் வேறொன்றைச் சொல்லும்போது காரணம் தேட வேண்டும். பக்குவம் வந்த பிறகுதான் தீர்ப்பு என்றால், தீர்ப்புச் சொல்லாமல் பக்குவம் எந்த வழியால் வரும்?

பட்டியல் போடுபவர் பெரியவர்தானே, பிறகென்ன சுதந்திரம் என்றும் கேட்கலாம். மென்பொருள் துறையில் இருப்பதால் இன்னொரு வகைப் பட்டியலை எனக்கு நன்றாகத் தெரியும். இணையக் கடையின் பரிந்துரை, நீங்களும் உங்களைப் போன்றவர்களும் முன்பு எதை விரும்பினீர்கள் என்று பார்த்து, அதைப் போன்றதையே மறுபடி நீட்டும். அதற்கு உங்கள் தீர்ப்பு தேவையில்லை. சொடுக்கு போதும். நூலகர் வைக்கும் பட்டியலில் பிள்ளை தானாக ஒருபோதும் எடுத்திராத புத்தகம் இருக்கும். அதை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று அவரிடமே கேட்கலாம். சண்டையும் பிடிக்கலாம்.

இந்த இரண்டு உலகங்களும் இங்கே ஒருமுறை நேருக்கு நேர் மோதின. 2018 நவம்பரில், கல்லூரி மாணவர் பரிசுக்கு முதன்மை அனுசரணையாளராக அமேசான் வருவது தெரியவந்தது. இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்து எழுத்தாளர்களும், லூலா கார்பாயோ, டொமினிக் ஃபோர்த்தியே, கரோலின் ஜோர்ஜ், கெவின் லம்பேர், ழான்-கிறிஸ்தோஃப் ரேயெல், 'லு துவுவார்' நாளிதழில் கூட்டாக எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டார்கள். புத்தகக் கடைகளை நசுக்கும் நிறுவனத்தின் பணம் இந்தப் பரிசில் படியக்கூடாது என்பது அவர்கள் வாதம். பரிசு இடைநிறுத்தப்பட்டது. பின்னர் அமேசானின் பணம் இல்லாமலே தொடர்ந்து, 2019இல் ரேயெலுக்குக் கிடைத்தது.

அந்த ஐவருக்கும் இழக்க நிறைய இருந்தது. மாகாணம் முழுவதும் தங்கள் நூலைப் பக்கம் பக்கமாக வாசிக்கப் போகும் இளைஞர்களை எந்த எழுத்தாளருக்குத்தான் விட மனம் வரும்? மாணவர்களின் வாக்கு வெறும் தூண்டில் என்று அவர்கள் நினைத்திருந்தால், புழுவை யார் வாங்கித் தந்தால் என்ன என்று இருந்திருப்பார்கள். மாசுபடக்கூடிய ஒன்றாக அதை மதித்ததால்தான் எதிர்த்தார்கள். ஆனால் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. ஒரு பரிசு மாணவர்களுடையது என்றால், அதன் பணம் எங்கிருந்து வரலாம் என்ற கேள்வியும் அவர்களுடையதே. நடுவர் என்று அழைத்துவிட்டு, நடுவர் மன்றத்தின் வாசலை மட்டும் பெரியவர்களே காவல் காப்பது முழு மரியாதையாகாது.

எங்கள் பக்கம் பார்த்தால், போட்டிகளுக்குக் குறைவில்லை. திருக்குறள் மனனம், பேச்சு, பண்ணிசை. எல்லாவற்றிலும் பிள்ளை மேடையில் நிற்கும், பெரியவர்கள் கீழே புள்ளி போடுவார்கள். சிறுவர் நூல்களுக்கு சாகித்திய அகாதெமி 2010 முதல் விருது தருகிறது. தமிழிலும் தருகிறது. அந்தத் தெரிவைச் செய்பவர்களும் பெரியவர்களே. தமிழில் பிள்ளை எப்போதும் பரீட்சை எழுதும் ஆள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடுவராக உட்காரும் பிள்ளை, சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வந்ததும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. எந்த மொழியில் தன் சொல்லுக்கு மதிப்பிருக்கிறதோ அந்த மொழிக்குத்தான் அது திரும்பிப் போகும்.

ஐந்து சிறிய தமிழ்ப் புத்தகங்களை ஒரு வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். தானாக வாசிக்க முடியாத பிள்ளைக்கு யாராவது வாசித்துக் காட்டலாம். விவாதம் எந்த மொழிக் கலப்பில் வேண்டுமானாலும் நடக்கட்டும். உருத்திரசன்மன் ஒரு சொல்லும் பேசாமலேதான் தீர்ப்பளித்தான். செலவு அதிகமில்லை. கடினமானது ஒன்றுதான்: நாங்கள் போற்றும் புத்தகத்தைப் பிள்ளைகள் கடைசி இடத்தில் வைத்தால், அந்த முடிவைத் திருத்தாமல் அறிவிப்பது.