சௌகரியமும் சாதனையும்

உடலுக்கு இதமளிப்பது எதுவாயினும் அது ஆத்ம சாதனைக்கு விரோதமானதே என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. ஒற்றைக் காலில் நின்றும், பஞ்சாக்கினி நடுவே அமர்ந்தும் தவம் புரிந்தவர்களின் கதைகளைப் புராணங்களில் கேட்டு வளர்ந்த நம் மனம், ஒருவன் தன் காரியத்தைத் தொடங்குமுன் ஆசனத்தைச் சரிபார்த்து, வேண்டிய கருவிகளையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அமைத்துக்கொண்டு, வசதியாக உட்கார்ந்தான் என்று கேள்விப்பட்டால், அவனுடைய சிரத்தையிலே ஏதோ ஒரு குறை இருப்பதாகச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறது. சிரமந்தான் சிரத்தையின் அளவுகோலா, சௌகரியம் என்பது போகத்தின் முதற்படிதானா என்ற இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு, மேனாட்டு வாத்தியமாகிய டிரம் செட்டின் முன் அமரும் ஒருவனைக் கூர்ந்து கவனிப்பது மிகவும் பயன் தரும் என்று நான் நம்புகிறேன். வீணையின் வடிவத்தை அதைச் செய்த ஆசாரியே நிர்ணயித்துவிடுகிறார். டிரம் செட்டின் வடிவத்தையோ, ஒவ்வொரு முறையும் வாசிப்பவனே தன் கைகால்களின் நீளத்தையும் முதுகின் சுபாவத்தையும் கொண்டு நிர்ணயித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வாத்தியம் தோன்றியதே எட்டும் தூரத்தைப் பற்றிய யோசனையிலேதான். 19-ஆம் நூற்றாண்டின் பட்டாள வாத்திய கோஷ்டிகளில் பெரிய பேரிகையை ஒருவரும், சிறிய ஸ்னேர் டிரம்மை மற்றொருவரும், சிம்பல் என்னும் வெண்கலத் தட்டுகளை வேறொருவரும் முழக்கி வந்தார்கள். அமெரிக்க நாட்டு நாடகக் கொட்டகைகளிலும், நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நடன மண்டபங்களிலும் இடமும் ஊதியமும் குறுகியபோது, ஒரே மனிதன் இரண்டு டிரம்களை அருகருகே நிறுத்தி, கையிலிருந்த குச்சிகளால் இரண்டையும் மாறிமாறி அடிக்கலானான். பிறகு காலுக்கும் வேலை கொடுக்கப்பட்டது. 1909-இல் சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் லுட்விக் விரைந்து இயங்கக்கூடிய கால் பெடல் ஒன்றைச் செய்து உரிமம் பெற்றார். கணுக்காலுக்குச் சற்று மேலே காலால் மட்டும் இயக்கப்பட்டு வந்த ஜோடித் தட்டுகள், 1920-களின் பிற்பகுதியில் இடுப்பளவுக்கு உயர்த்தப்பட்டு, குச்சிக்கும் எட்டுவனவாய், இன்று ஹை-ஹாட் என்று வழங்கும் அங்கமாயின. மூவருடைய காரியம் ஒருவனுடைய சரீரத்தில் ஒன்றுசேர்ந்த வரலாறு இது.

நன்கு பயின்ற ஒருவன் இந்த வாத்தியத்தை அமைக்கும் விதத்தைப் பாருங்கள். அவன் முதலில் டிரம்மைத் தொடுவதில்லை. எதிரே ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் ஸ்டூலைப் போட்டு, தொடைகள் முழங்காலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும்படி அதன் உயரத்தைத் திருகி, அதன்மேல் முதுகை நிமிர்த்தி அமர்கிறான். கால்கள் இயல்பாக எங்கே விழுகின்றனவோ அங்கே இரண்டு பெடல்களும் வருகின்றன. விரிந்த முழங்கால்களின் நடுவே, குச்சி தொடையில் இடிக்காத அளவு உயரத்தில், ஸ்னேர் வந்து நிற்கிறது. டாம் எனப்படும் நடுத்தர டிரம்கள், குச்சியின் நுனி தோலைக் குத்தாமல் தடவி எழும்பும்படி, தன்பால் இலேசாகச் சாய்க்கப்படுகின்றன. நெடுநேரம் தொடர்ந்து தட்டவேண்டிய ரைடு சிம்பலோ, முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாத இடத்திற்கு இறக்கப்படுகிறது. எல்லாம் அமைந்தபின், கீழே விரித்த கம்பளத்தில் ஒவ்வொரு தாங்கியின் காலடியிலும் சிறு துண்டு நாடாவை ஒட்டி அடையாளம் செய்கிறான்; நாளை வேறோர் ஊரில் அந்தக் கம்பளத்தை விரித்தாலும், அதே விரற்கடை தூரத்தில் அனைத்தும் வந்து அமரவேண்டும் என்பது அவன் கவலை. இத்தனை நுட்பமான கவலையைச் சோம்பல் என்றோ சுகபோகம் என்றோ சொல்ல யாருக்கு மனம் வரும்?

நம் சாஸ்திரங்களும் அப்படிச் சொல்லவில்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம், தியானத்திற்கு அமர்பவனுக்கு உபதேசம் செய்கையில், தத்துவத்தை ஒரு கணம் நிறுத்திவைத்து, இருக்கையைப் பற்றிப் பேசுகிறது: சுத்தமான இடத்தில், மிக உயரமாகவும் இல்லாமல் மிகத் தாழ்வாகவும் இல்லாமல், தருப்பையும் மான்தோலும் வஸ்திரமும் பரப்பிய உறுதியான ஆசனம் வேண்டும் என்கிறது. அதே நூலின் பதினேழாம் அத்தியாயம், சரீரத்தை வதைத்துச் செய்யும் தவத்தைத் தாமசமென்று கண்டிக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் 200-க்குச் சற்றுக் குறைவு. அவற்றுள் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே. ஆசனம் ஸ்திரமாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது முதலாவதன் கருத்து. பிரயத்தனம் தளர்ந்து, சித்தம் எல்லையற்றதில் தோய்வதனால் அது கைகூடும் என்பது இரண்டாவதன் கருத்து. அப்படிக் கைகூடியவனைச் சீதோஷ்ணம் முதலிய துவந்துவங்கள் தாக்குவதில்லை என்பது மூன்றாவதன் கருத்து. சுகத்தில் தொடங்கிய விஷயம் சுகதுக்கம் இரண்டையும் கடந்த நிலையில் முடிவதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆசனத்தின் சுகம் அனுபவிப்பதற்காக ஏற்பட்டதன்று. உடலைப் பற்றிய நினைவைச் சாதகனிடமிருந்து அகற்றுவதற்காக ஏற்பட்டது.

காலில் முள் தைத்தவனிடம் எத்தனை உயர்ந்த விஷயத்தை எடுத்துரைத்தாலும், அவன் மனம் முள்ளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். ஸ்டூல் மிகத் தாழ்ந்துவிட்டால் இடுப்பும், சிம்பல் மிக உயர்ந்துவிட்டால் தோளும் அவ்வண்ணமே ஓயாது முறையிட்டுக்கொண்டிருக்க, லயத்தில் கரைய வேண்டிய சித்தம் அந்த முறையீட்டுக்குப் பதில் சொல்வதிலேயே செலவாகிவிடுகிறது. அமைப்புச் சரியாக வாய்த்தவனோ, கை இருப்பதையும் கால் இருப்பதையும் மறந்து, காலப்பிரமாணம் ஒன்றையே அறிகிறான். ஆகவே, போகிக்கும் சாதகனுக்கும் உள்ள பேதம் மெத்தையின் மென்மையில் இல்லை. போகி தன் சுகத்தை நினைந்து நினைந்து அதிலேயே தங்கிவிடுகிறான், சாதகன் அதை ஏற்பட்ட கணமே மறந்து தன் காரியத்திற்குப் போய்விடுகிறான்.

உடலின் எல்லையை மதித்ததனால் கலையே வளர்ந்ததற்கும் சான்றுண்டு. ஜாஸ் இசையில் டிரம் வாசிப்பவர் வலக்காலால் பாஸ் டிரம் என்னும் பெரிய பேரிகையை ஆவர்த்தத்துக்கு நான்கு அடியாக விடாமல் மிதித்துக் காலப்பிரமாணத்தைக் காப்பதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. கென்னி கிளார்க் என்னும் கலைஞர், மிக விரைந்த ஒரு பாட்டில் அந்த நான்கையும் மிதித்து முடிக்க இயலாமற்போனபோது, காலோடு மல்லாடுவதை விட்டு, காலத்தைக் காக்கும் பொறுப்பை வலக்கைக்கும் ரைடு சிம்பலுக்கும் மாற்றினார். விடுதலையடைந்த கால், எதிர்பாராத இடங்களில் மட்டும் ஓர் அடி அடித்து, மற்ற வாத்தியங்களோடு சம்பாஷிக்கத் தொடங்கியது. 1940-களில் நியூயார்க்கில் மலர்ந்த பீபாப் இசையின் லயத்திற்கு அந்த மாற்றம் அஸ்திவாரமாயிற்று. சிரமத்தைச் சகிப்பதே சிரேஷ்டம் என்று அவர் எண்ணியிருந்தால், நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஓய்ந்துபோன ஒரு கால் மட்டுமே.

இதற்கு எதிர்வாதமாக ரிங்கோ ஸ்டாரைக் காட்டுவோர் இருக்கலாம். பீட்டில்ஸ் குழுவின் டிரம் கலைஞரான அவர் இயல்பில் இடக்கைக்காரர். வாசித்ததோ வலக்கைக்காரர்களுக்கென அமைக்கும் முறையில். ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்கு இடக்கையை முன்னிட்டுச் செல்ல வேண்டியிருந்ததால், மற்றவர்களுக்கு வராத நடை ஒன்று அவருடைய அடிகளில் அமைந்தது. அசௌகரியமே அபூர்வத்தைப் பிறப்பித்தது என்று இதனால் நிச்சயிக்கலாமா? சற்று ஆழ்ந்து பார்த்தால், அவர் இடர்ப்பாட்டைத் தேடிப் போகவில்லை என்பதும், வாய்த்த அமைப்புக்குள்ளே தன் கைக்கு இயல்பான வழியைக் கண்டுகொண்டார் என்பதும் விளங்கும். கருவியை உடலுக்கு இசைவிப்பது ஒரு முறை. அது கூடாதபோது, உள்ள கருவியினிடையே உடலின் இயல்பான கதியை அறிவது மற்றொரு முறை. இரண்டிலும் நாடப்படுவது பிரயத்தனத்தின் தளர்ச்சியேயாகும்.

இந்த இரண்டு முறைகளும் ஒருங்கே கூடிய சரித்திரம் ரிக் ஆலனுடையது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த டெஃப் லெப்பர்டு குழுவில் டிரம் வாசித்துவந்த அவர், 1984 டிசம்பர் 31 அன்று நேர்ந்த கார் விபத்தில் தம் இடக்கையை முழுவதும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. பிறருடைய அமைப்பே நியதி என்று கொண்டால், அன்றோடு அவருடைய கலை முடிந்திருக்க வேண்டும். அவரோ, இடக்கை எழுப்பிய நாதங்களையெல்லாம் இடக்கால் மிதிக்கும் பெடல்களுக்கு மின்சார சாதனங்களின் உதவியால் மாற்றியமைத்துக்கொண்டு, வலக்கை ஒன்றோடும் இரு கால்களோடும் அரிச்சுவடியிலிருந்து மீண்டும் பயின்று, 1986 ஆகஸ்டில் டானிங்டன் திருவிழாவின் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார். மறு ஆண்டு வெளிவந்த ‘ஹிஸ்டீரியா’ இசைத்தொகுப்பு உலகெங்கும் பரவியது. பிறருடைய தர்மத்தைத் திறம்படச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல் என்னும் கீதையின் போதனைக்கு, இதைவிடக் கண்கூடான வியாக்கியானத்தை நான் கண்டதில்லை.

சௌகரியம் என்றால் உழைப்பின்றிக் கிடைப்பது என்று எண்ணுவதும் தவறு என்பதை நீல் பியர்ட்டின் வாழ்க்கை காட்டுகிறது. கனடா தேசத்து ரஷ் குழுவில் 1974 முதல் வாசித்து, தம் துறையில் பெரும் புகழ் பெற்றிருந்த அவர், நாற்பது வயதைக் கடந்தபின், ஃபிரெடி குரூபர் என்னும் முதிய ஆசிரியரிடம் சிஷ்யராகச் சேர்ந்து, குச்சியைப் பிடிக்கும் முறையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கற்றார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் கை காற்றில் செல்லும் வழியை இதமாக்குவதே அந்த ஆசிரியர் வற்புறுத்திய பாடம். சுகமான இயக்கம் என்பது எத்தனை தவத்தின் பலன் என்பதை அந்த அப்பியாசம் மெய்ப்பிக்கிறது.

வசதியை நாடும் மனத்திற்கு ஓர் அபாயம் உண்டென்பதையும் நான் மறுக்கவில்லை. எட்டுவது எளிதாகிவிட்டால், எட்டியதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் ஆசை பிறக்கிறது. நான்கு டிரம்களுக்கு வகுத்த இடத்தைச் சுற்றி மேலும் பத்து முளைக்கின்றன. ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தள்ளிவைக்க, முடிவில் மிக அவசியமானதே எட்டாத தூரத்திற்குப் போய்விடுகிறது. வேண்டாததைச் சேர்க்காமையாகிய அபரிக்கிரகத்தைப் பதஞ்சலி யமங்களுள் ஒன்றாக, ஆசனத்திற்கும் முந்திய படியில் வைத்ததன் பொருத்தம் இங்கே புலனாகிறது. வேண்டாததை விலக்கத் தெரிந்தவனுக்கே வேண்டியது அருகில் வரும்.

இந்த விசாரத்தின் பலன் வாசிப்பவனோடு நின்றுவிடலாகாது. பத்து வயதுக் குழந்தையைத் தன் உயரத்துக்கு அமைத்த வாத்தியத்தின் முன் உட்காரவைத்து, அது எட்டி எட்டித் தவிப்பதைப் பொருட்படுத்தாமல், அப்பியாசம் போதாதென்று கடிந்துகொள்ளும் ஆசிரியன், ஸ்டூலைக் கால் திருகு திருகியிருந்தால் தீர்ந்திருக்கும் துன்பத்தைக் குழந்தையின் குணதோஷமாக்கிவிடுகிறான். தொழிற்கூடங்களிலும், பள்ளிகளிலும், சமையலறைகளிலும் இந்த அநீதி நாள்தோறும் நடந்துவருகிறது. பிறர் படும் சிரமத்திற்குத் தவம் என்று பெயரிட்டுப் போற்றுவது நமக்குச் சுலபமாகவும் இருக்கிறது. ஒருவன் தனக்கென ஏற்கும் கஷ்டத்தைக்கூட அவன் காரியத்திலே ஏற்கட்டும், ஆசனத்திலே ஏற்க வேண்டியதில்லை. பிறர்மேல் சுமத்தும் கஷ்டத்திற்கோ எந்தச் சாஸ்திரத்திலும் புண்ணியம் சொல்லப்படவில்லை. தன் இருக்கையை அமைத்துக்கொண்டு மறப்பது யோகத்தின் தொடக்கமானால், அடுத்தவனுடைய இருக்கையை அவன் கேளாமலே சரிசெய்து கொடுப்பது தர்மத்தின் தொடக்கம் என்பேன்.