கருவுற்றவள் உண்ணா நோன்பு இருக்கலாமா?

அட்டமி, சதுர்த்தசி தோறும் உண்ணா நோன்பு காக்கும் இல்லறத்தாள் கருவுற்றால் அதனைத் தொடரலாமா? இவ்வினாவை மருத்துவரிடம் கேட்பாரும் உளர். மாமியாரிடம் கேட்பாரே மிகுதி.

நோன்பு ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. கருவிலுள்ள உயிரோ எதனையும் ஏற்கவில்லை. கருக்கொண்ட காலத்தில் நெடுநேரம் உண்ணாதிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை மற்றக் காலத்தினும் விரைந்து குறைகிறது. தாயின் தவத்தால் சேயும் வாடுமெனின், அஃது அகிம்சைக்கு ஒக்குமா?

நாகூரில் வாழ்வோர் அண்டை வீட்டிலேயே ஒரு விடை காணலாம். ரமலான் நோன்பு இசுலாமியர்க்குக் கட்டாயக் கடமை. ஆயினும் தனக்கோ சேய்க்கோ தீங்கு நேருமென அஞ்சும் கருவுற்ற பெண், அதனை விட்டுப் பின்னர் நோற்க அவர்தம் நெறி இடந்தருகிறது. கடமைக்கே விலக்குண்டெனில், விரும்பி ஏற்றதை ஒத்திவைப்பதில் என்ன குறை?

இராவுண்ணாமையைப் பலர் விடமாட்டார். அவர்கள் பகலில் ஐந்தாறு முறை பிரித்து உண்ணுதல் வேண்டும். இரவில் மயக்கமோ தாகமோ நேர்ந்தால் பாலும் நீரும் மறுத்தல் தகாது. கிழங்கை விலக்கியோர்க்கும் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. ஆகவே கீரையை நம்பி இரும்புச்சத்து மாத்திரையைத் தள்ளிவிடலாகாது.

மருத்துவர் தடை சொல்லாதவர்க்கு, வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. அந்தி உணவுக்குப் பின் சற்று நடந்து வரலாம். மாமியாரும் உடன் செல்லலாம்.