கூச்சமா? தாழ்மையா?



இந்த மாதம் ஒரு சின்ன விஷயத்தை உங்களோடு பேச விரும்புகிறேன். பார்வைக்குத்தான் சின்னது, ஆனால் நம்மில் அநேகருடைய இருதயத்தை அது பல வருஷமாய் அரித்துக்கொண்டிருக்கிறது. பெரிய இடத்துக்குள் கால் வைக்கும்போது வருகிற கூச்சத்தைத்தான் சொல்லுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததா? ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிற ஒருவர், மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்க ஏசி போட்ட கடைக்குப் போகிறார். வாசலிலேயே செருப்பைக் கழற்றி விடுகிறார். கழற்று என்று யாரும் சொல்லவில்லை! கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நிற்கிறார். கையிலிருக்கிற மஞ்சப்பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொள்ளுகிறார். அந்தப் பைக்குள் இருப்பதோ அவர் பாடுபட்டுச் சேர்த்த பணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்பு முன்னால் வேர்க்க வேர்க்க நின்று பால் கிண்டுகிற தம்பியைப் பாருங்கள். நம் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவன் கிண்டின பால்கோவா எந்தப் பெரிய வீட்டு விருந்துக்கும் தைரியமாய் உள்ளே போகிறது. அவன் மட்டும் அந்த வீட்டுப் படியில் ஏறத் தயங்குகிறான்.

இந்தக் கூச்சம் நல்லதா, கெட்டதா? "அது தாழ்மைதானே, நல்ல குணம்தானே" என்று சிலர் சொல்லுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

தரையில் உட்கார்ந்த அக்கா

சில வருஷத்துக்கு முன்னால் தெரிந்த அக்கா ஒருவரோடு மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவருடைய வீட்டுக்காரருக்குக் காலில் ஆறாத புண். அக்கா சத்திரப்பட்டிக்காரர். ராஜபாளையத்துக்குப் பக்கத்திலிருக்கிற அந்த ஊரில் விசைத்தறிச் சத்தம் ஓயாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும்தான் அங்கே பிரதான தொழில். அக்கா முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவர்.

உள்ளே போனோம். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிற தரை. வரிசையாய் சோபா. அக்கா ஓரமாய்த் தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மேலே உட்காருங்கக்கா" என்றேன்.

"வேணாம் தம்பி, சேலையெல்லாம் பஞ்சு. ஒட்டிக்கிரும். யாராச்சும் ஏதாச்சும் சொல்லிருவாக" என்றார்.

அந்த நேரத்தில்தான் நர்ஸ் ஒருவர் டிரேயில் பேண்டேஜ் சுருள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவுடனே நூலின் நெருக்கத்தைச் சொன்னார். நம்ம பக்கத்துத் துணிதான் என்றார். ஆனாலும் எழுந்து சோபாவில் உட்காரவில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். அவர் கையால் நெய்த துணி அந்தக் கட்டடத்தில் எந்த அறைக்கும் போகலாம், எந்தக் கோடீஸ்வரனுடைய காயத்தையும் தொடலாம். நெய்தவருக்கு மட்டும் நாற்காலி இல்லை என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். இதையா தாழ்மை என்பது?

இரண்டு பேர் கையிலும் ஒரே தராசு

தாழ்மை உள்ளவன் தன்னைப் பற்றி அதிகம் நினைக்கிறதில்லை. கூச்சப்படுகிறவனோ தன்னைத் தவிர வேறு எதையும் நினைக்கிறதில்லை. என் சட்டை எப்படி இருக்கிறது, நான் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களோ, ஸ்பூனை எந்தக் கையில் பிடிக்கணும்? அவன் மனசு இந்தக் கேள்விகளையே சுற்றி வருகிறது.

இன்னும் ஆழமாய்ப் பார்த்தால், அவன் ஒரு தராசை ஒத்துக்கொண்டிருக்கிறான். பளிங்குத் தரையும் கண்ணாடிக் கதவும் மனுஷனைக் கனமாக்கும் என்பது அந்தத் தராசின் கணக்கு. அதே தராசைத்தான் மேட்டிமைக்காரனும் கையில் வைத்திருக்கிறான். ஒருவன் கீழ்த்தட்டில் நிற்கிறான், ஒருவன் மேல்தட்டில் நிற்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்! அதனால்தான் நேற்று வரை வாசலில் கூசி நின்றவன், நாலு காசு பார்த்தவுடனே தன் வாசலில் நிற்கிறவனை அதட்டுகிறான். கூச்சம் தாழ்மையாயிருந்தால் இப்படி மாறுமா?

அரண்மனைக்குப் போன வேட்டி

கூசாமல் போனவர் ஒருவரைச் சொல்லுகிறேன். 1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் காந்தி தம்முடைய உடுப்பை விட்டு, ஏழை விவசாயியைப்போல இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனார். அந்த நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த வரவேற்புக்கும் அதே துணியோடு, மேலே ஒரு சால்வை போர்த்திப் போனார்.

அவர் லண்டனில் எங்கே தங்கியிருந்தார் தெரியுமா? தொழிலாளிகள் வாழ்ந்த கிழக்கு லண்டனில், கிங்ஸ்லி ஹால் என்கிற சமூக சேவை இல்லத்தில். அந்நியத் துணி பகிஷ்கரிப்பால் அடிபட்ட லங்காஷயர் மில் தொழிலாளிகளையும் அவர்கள் ஊருக்கே போய்ச் சந்தித்தார்.

அரண்மனை அவரை ஏன் மிரட்டவில்லை? தான் யாரைச் சேர்ந்தவன் என்பதை மதுரையிலேயே முடிவு பண்ணிவிட்டார். அந்த முடிவு பண்ணாதவனுக்குத்தான் ஒவ்வொரு வாசலிலும் புதுசாய் ஒரு பரீட்சை.

இரண்டு காவலாளிகள்

"ஐயா, அவர் காந்தி. நம்மை விடுவார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிப் போனார். வேட்டிக்கு அனுமதி இல்லை என்று தடுத்துவிட்டார்கள். நீதிபதிக்கே இந்தக் கதி! அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டினவரை அதற்காகக் கிளப்போ மண்டபமோ தடுத்தால் உரிமம் ரத்தாகலாம். ஒரு வருஷம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நல்ல சட்டம். வெளியே நிற்கிற காவலாளியை அது விலக்கிவிட்டது. ஆனால் நமக்குள்ளே ஒரு காவலாளி நிற்கிறானே, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறானே, அவனை எந்தச் சட்டசபை விலக்கும்? அவனை நாமேதான் போகச் சொல்லணும்.

எல்லாக் கூச்சமும் தப்பா?

இல்லை. இதைக் கவனமாய்க் கேளுங்கள். இன்னொரு கூச்சம் உண்டு. பெரிய மண்டபத்தில் விருந்து நடக்கிறது. பாதி தின்ற இலைகள் கூடை கூடையாய் வெளியே போகிறது. பின்வாசலில் பாத்திரம் கழுவுகிற அம்மா இன்னும் சாப்பிடவில்லை. அதைப் பார்த்தபின் நமக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது மனசாட்சி. அதைக் கொன்றுபோடாதீர்கள். வசதி பழகப் பழக முதலில் சாகிறது அதுதான்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான். "என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று கேட்கிற கூச்சத்தை விட்டுவிடுங்கள். "இங்கே யார் விடுபட்டுப் போனார்கள்?" என்று கேட்கிற கூச்சத்தைப் பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் கொடுத்தவர்

நம் ராஜபாளையத்தில் 1898-ல் பிறந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை அன்றைய சென்னை மாகாண முதலமைச்சர். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்று தோற்றுப்போனார். பிறகு 1954-ல் ஒரிசாவுக்குக் கவர்னராய்ப் போனார். கோட்டையும் பார்த்தவர், தோல்வியும் பார்த்தவர், கவர்னர் மாளிகையும் பார்த்தவர். அப்படிப்பட்டவர் ராஜபாளையத்தில் தமக்கிருந்த வீட்டை என்ன செய்தார்? காந்தி கலை மன்றம் அமையக் கொடுத்துவிட்டார். ஒரு குடும்பத்தின் வீடு ஊருக்குச் சொந்தமாயிற்று.

பெரிய இடத்தில் எப்படி நிமிர்ந்து உட்காருவது என்று மட்டும் கற்றுக்கொண்டால் பாதிப் பாடம்தான் முடிந்தது. நம் இடத்தில் அடுத்தவன் கூசாமல் உட்கார முடிகிறதா என்பது மீதிப் பாடம்.

நம் வாசல் எப்படி?

நம்மில் பலர் ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு வந்திருக்கிறோம். சபைகளும் ஓலைக் கொட்டகையிலிருந்து டைல்ஸ் போட்ட ஆலயத்துக்கு வந்திருக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் சபைக்குள் வந்த இரண்டு பேரைப் பற்றி யாக்கோபு எழுதினதை நாம் அறிவோம். தங்க மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டினவனுக்குக் கால்மாட்டில் இடமும் காட்டுகிறவர்களை அவர் கண்டிக்கிறார். அந்தக் கண்டிப்பு ஓலைக் கொட்டகைக்கும் உண்டு, டைல்ஸுக்கும் உண்டு.

ஆகையால் ஒன்று சொல்லுகிறேன். இனி கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றால் தலையை நிமிர்த்துங்கள். தள்ளிப் பாருங்கள், திறக்காவிட்டால் இழுத்துப் பாருங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள், அதில் ஒரு கனவீனமும் இல்லை. உள்ளே போனபின், ஓரத்தில் நிற்கிறவர் யார் என்று பாருங்கள். "வாங்கக்கா, இப்படி உட்காருங்க" என்று பக்கத்தில் இடம் விடுங்கள். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கட்டும்.