நான்கு கன்றுகள்

எரிமலைகள் நிறைந்த ஜாவாத் தீவிலே, சலாக் மலைக்கு அருகிலுள்ள போகோர் நகரில், 1817இல் அமைக்கப்பட்ட தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. நெருப்பைக் கக்கிய மலைகளின் சாம்பல் படிந்த மண்ணிலேயே இத்தனை பசுமையைத் தழைக்கச் செய்தான் வல்ல நாயன்! படிப்பினை பெறும் எண்ணத்தோடு அதைச் சுற்றிப் பார்ப்பதும் நன்மைக்குரியதே.

1848இல் ஆப்பிரிக்க எண்ணெய்ப் பனையின் நான்கே நான்கு கன்றுகள் அங்கு நடப்பட்டன. கடைசி மரம் 1993இல் பட்டுப்போயிற்று. அவற்றின் சந்ததியோ சுமத்ரா, மலேசியா எங்கும் பரவிற்று. இன்று நம் அடுப்படிக்கு வரும் பாமாயிலுக்கும் அந்தக் கன்றுகளோடு உறவுண்டு.

முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்டால், அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆனால், அதே பனைக்காகக் காடுகள் எரிக்கப்பட்டதும் உண்டு. குற்றம் மரத்தினுடையதல்ல, மனிதனின் பேராசையினுடையது.

நம் வீட்டில் நாம் நடும் கன்று எது? பிள்ளைக்குப் பழக்கிய தொழுகையும் தலைமுறைகளுக்குப் பரவும். அவன் காதுபட நாம் பேசிய புறமும் பரவும். நாம் மவுத்தான பின்பும் இரண்டும் நம் ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். நற்கன்றுகளையே நட அல்லாஹ் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.